ரதி சொல்லவில்லை

தவமணியின் அண்ணனைக் காட்டிக் கொடுத்தது நீ. ரதி அல்ல. முதல் வரியாக இதைத்தான் எழுத வேண்டும் என்று நான்கு நாட்களாக நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

நீ கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு நானும் வந்திருந்தேன். சாப்பாடு முடிந்து போகிறவர்களுக்கு உன் மகள் வாசலில் நின்று நினைவு மலர் கொடுத்தாள். அச்சு மை வாசம் இன்னும் போகாத புத்தகம். கண்ணாடி கொண்டு போகாததால் வீட்டுக்கு வந்துதான் விரித்தேன். தேவாரம், உன் வாழ்க்கை வரலாறு, உன் தம்பியின் கட்டுரை, நன்றி நவிலல் எல்லாம் இருந்தன. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு பழைய எழுத்துக் கொப்பியின் தாளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். "மாணவர் மனம் திறந்த பொழுதுகள், அம்மாவின் கையெழுத்தில்" என்று அதற்குக் கீழே ஒரு வரி.

உன் எழுத்து எனக்குத் தெரியாதா? ‘ழ’னாவுக்கு வால் நீட்டுவாய். "தவமணி, ஆண்டு ஏழு. காலைச் சாப்பாட்டை அண்ணனுக்கு வைத்துவிட்டு வருகிறாள். அண்ணன் பெரியம்மா வீட்டுப் பின்னறையில், உமி மூட்டைகளுக்குப் பின்னால்." அருகே சிவப்பு மையில் ஒரு சரி. வேறு யாரோ ஒருவரின் எழுத்தில், "மிக நன்று."

கொப்பி தொலைந்துவிட்டது என்று என்னிடம் சொன்னவள் நீ. தொலையவில்லை. முப்பது வருடம் உன் அலுமாரியில் இருந்திருக்கிறது. நீ போன பிறகு உன் மகள் அதைக் கண்டெடுத்து, பெருமை என்று எண்ணி, முந்நூறு வீடுகளுக்குப் பங்கிட்டுவிட்டாள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு நீ என்ன சொல்லியிருந்தாய், அவள் அறிவதற்கு?

நீயும் நானும் எட்டாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். பிறகு நீ ஆசிரியர் கலாசாலைக்குப் போனாய். நான் வீட்டில் நின்றுவிட்டேன். சாமான் சுற்றி வரும் பேப்பரை விரித்து வாசித்தே மிச்சத்தைப் படித்தவள் நான். சண்டைக் காலத்தில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்திலும் வெல்லாவெளிப் பக்கத்திலும் இருந்த சனம் ஷெல்லடிக்குப் பயந்து இந்தப் பக்கம் எழுவான்கரைக்கு வந்தபோது, பிள்ளைகளுக்கு என்று தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் பள்ளிக்கூடம் போட்டார்கள். நீ அங்கே ரீச்சராக வந்தாய். நான் கஞ்சி காய்ச்ச வந்தேன். பிள்ளைகளுக்கு நான் கஞ்சி மாமி.

வந்த பிள்ளைகளும் நம் ஊர்ப் பிள்ளைகளும் கலந்துதான் படித்தார்கள். ஆனால் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது பார்த்தால் நடுவில் வாவி ஓடும்.

"தண்ணிக்கு அங்கால ஆக்களுக்கு முதல்ல ஊத்தாதீங்க மாமி, அவனுகள் மூணுதரம் வருவானுகள்" என்பான் நம் ஊர்ப் பையன் ஒருவன்.

"நீ நாலுதரம் வாறதை மாமி எண்ணித்தான் வெச்சிரிக்கா" என்பாள் அங்கிருந்து வந்தவள்.

அடுத்தது தட்டுப் பறக்கும்.

கயிறு இழுக்க வைக்கலாம் என்று சொன்னது நான்தான். என் அப்பா செட்டிபாளையத்துக் கடலில் கரைவலை இழுத்தவர். அந்த வலைக் கயிற்றில் ஒரு துண்டு வீட்டில் கிடந்தது. பிள்ளைகளை இந்தக் கரை, அந்தக் கரை என்று பிரிக்காமல் ஒருவர் விட்டு ஒருவராகக் கலந்து இரண்டு பக்கமும் நிறுத்தினோம். இழுத்து முடிந்ததும், வேர்வை ஆறும் மட்டும் வட்டமாக உட்கார வேண்டும் என்றேன். "என்னத்துக்குகா? வேர்வையோட வகுப்புக்குப் போகட்டுமே" என்றாய் நீ. உனக்கு அது விளங்க ஒரு மாதம் ஆனது.

வலை கரைக்கு வந்த பிறகு அப்பாவின் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர், எல்லாரையும் மணலில் உட்கார வைத்துத்தான் மீனைப் பிரிப்பார். வலை சாய்ந்து வந்திருந்தால் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். யார் என்று அவர் கேட்க மாட்டார். "அவனவன் தன்ட கையைச் சொல்லு. மத்தவன்ட கையைச் சொன்னா நாளைக்கு ஆர் உன்னோட கயிறு பிடிப்பான்?" என்பார். ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, நான்தான் ஒள்ளுப்பம் விட்டுட்டன், காலில மட்டி வெட்டிப்போட்டுது என்பான். சண்டை அதோடு முடியும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். வேறு எந்தப் புத்தகத்திலும் அதை நான் படிக்கவில்லை.

முதல் நாள் வட்டத்தை நீ நடத்தினாய். கதிரையில் இருந்துகொண்டு, "பிள்ளைகளே, இந்த விளையாட்டில் இருந்து நாம் கற்றுக்கொண்ட பாடம் என்ன?" என்று கேட்டாய். இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் "ஒற்றுமையே பலம்!" என்று கத்தினார்கள். கத்தி முடிந்த கையோடு பின்னால் ஒருவன் மற்றவனைக் கிள்ளினான். உனக்குச் சந்தோஷம். எனக்குச் சிரிப்பு.

"இது என்னகா, பரிசளிப்பு விழாவா? கதிரையைத் தள்ளு. நிலத்தில இரு. பாடம் கேளாத. கையைப் பற்றிக் கேள்" என்றேன்.

"நீ கஞ்சியைப் பாருகா, அடிப்பிடிக்குது" என்றாய்.

ஆனாலும் அடுத்த நாள் நிலத்தில் இருந்தாய். அதற்காக உன்னை எனக்கு அவ்வளவு பிடித்தது. மூன்றே கேள்வி வைத்தோம். உன் கை என்ன செய்தது? எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று வந்தது? நாளைக்கு யாருக்குப் பக்கத்தில் நிற்பாய்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அதுதான் உனக்குக் கஷ்டம். ஐந்து நிமிடம் ஒருவரும் பேசாவிட்டால் நீயே பதில் சொல்லிக் கொடுத்துவிடுவாய். ஒரு நாள் உன் வாயை நான் கண்ணால் பிடித்து வைத்திருந்தேன். அந்த நேரம் ஒரு ஆடு கொட்டிலுக்குள் வந்து வட்டத்தின் நடுவில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தது. வந்த நாள் முதல் வாய் திறக்காமல் இருந்த ஒரு பையன், "மாமி, இவரும் கயிறு இழுத்தவரா?" என்றான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ சிரித்த சிரிப்பில் உன் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று கஞ்சிப் பானையின் அடியை நீயும் நானும் சுரண்டித் தின்றோம். "மறுகா நான் அவசரப்பட மாட்டன்கா" என்று சொன்னாய்.

தவமணி பழுகாமத்துப் பிள்ளை. பதின்மூன்று வயது. எப்போதும் கயிற்றின் கடைசியில் நிற்பாள். அவள் முறை வந்தபோது, "நான் துவக்கத்திலேயே விட்டுட்டன் மாமி. கையில பெலன் இல்ல" என்றாள்.

"சும்மா பிடிச்சிக்கொண்டுதான் நிண்டவ, நான் கண்டனான்" என்றான் ஒருவன்.

"டேய், நீ உன்ட கையைச் சொல்லு" என்று அவனை அடக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "ஏன் மகள் பெலன் இல்ல? காலைமை சாப்பிடல்லையா?" என்று கேட்டேன். அவள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். "சொல்லு மகள், இது இந்த வட்டத்தை விட்டுப் போகாது" என்றேன். அந்த வாக்கைக் கொடுத்தது நான். உனக்கும் சேர்த்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் சொன்னாள். அண்ணனுக்குப் பதினாறு வயது. யார் கண்ணிலும் படாமல், இந்தக் கரையில் உள்ள பெரியம்மா வீட்டுப் பின்னறையில், உமி மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறான். அந்த வீட்டுக்கு வரும் நிவாரணச் சாப்பாடு பதிவில் இருக்கிற தலைகளுக்கு மட்டும்தான். தன் பங்கை அவனுக்கு வைத்துவிட்டு அவள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் வருகிறாள். அழாமல்தான் சொன்னாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நம் ஊர் ரதி எழும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ரதி வாழையிலையில் பிட்டு இரண்டு பொட்டலம் கொண்டுவந்தாள். "ஒண்டு உனக்கு. மத்தது ஆருக்கெண்டு எனக்குத் தெரியா" என்று தவமணியின் கையில் வைத்தாள். நீயும் நானும் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு ரதி பின்னேரங்களில் தவமணியோடு அந்த வீட்டுக்கும் போய்வந்தாள்; கஞ்சி வரிசையிலும் சண்டை இல்லை. நாங்கள் செய்த வேலைக்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? இரண்டு மாதம் அந்த இருபத்திரண்டு பிள்ளைகளும் வாய் திறக்கவில்லை. வீட்டில் தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளையும் அதில் இருந்தது.

நீ எழுதுகிறாய் என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் போன பிறகு நீ கொப்பியை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாய். "வட்டத்தில பேசினதை எழுதப்படாதுகா" என்றேன். "எனக்கு மறதி. பிள்ளையளை விளங்கிக்கொள்ளத்தான். கிழிச்சிப் போடுவன்" என்றாய். நான் உன் கையிலிருந்து அதைப் பறித்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும். நீ படித்தவள், நான் கஞ்சி காய்ச்சுகிறவள் என்ற எண்ணம் அந்த ஒரு நாள் எனக்கு வந்தது. என் சீவியத்தில் அது வந்தது அந்த ஒரு நாள்தான்.

பிறகு ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். வந்தவர்கள் பெரியம்மா வீட்டின் முன்பக்கத்தைத் தேடவே இல்லை. நேரே பின்னறைக்குப் போய், உமி மூட்டையை இழுத்துவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் யார் என்று எழுதினால் வாசிப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் ஆமி, இயக்கம், இரண்டு பக்கமும் வரும். பதினாறு வயதுப் பையன் இரண்டு பக்கத்துக்கும் தேவைப்பட்டவன். அவன் திரும்பி வரவில்லை.

அன்று மத்தியானம் நீ அடுப்படிக்கு வந்து நிலத்தில் இருந்துவிட்டாய். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கொடுத்த பிள்ளைகள் திட்டத்தின் பட்டணத்துக் கந்தோரில், ஆபீசில், அறிக்கை கேட்டார்களாம். கொப்பியையே கொடுத்துவிட்டாயாம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அது அங்கே மேசை மேசையாகப் போயிருக்கிறது. "பேரைச் சொல்லல்லகா, நான் ஆருக்கும் வாயால பேரைச் சொல்லல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய்.

"பேரை எழுதினயா?"

"தெரியாகா. ஞாபகமில்ல. கொப்பியையும் அவங்க துலைச்சிட்டாங்க."

நான் அடுப்பை அணைத்துவிட்டு, இப்போதே தவமணியின் தாயிடம் போவோம் என்று எழும்பினேன். நீ என் சேலையைப் பிடித்தாய். "நானே சொல்றன். என்ட வாயாலதான் சொல்லோணும். ஒள்ளுப்பம் அவகாசம் தா" என்றாய். நம்பினேன்.

நீ அவகாசம் எடுத்துக்கொண்டிருந்த அந்தக் கிழமையில் ஊர் தன் கணக்கைப் போட்டது. எழுவான்கரைப் பிள்ளைகளில் அந்த வீட்டுக்குப் போய் வந்தவள் யார்? பிட்டுக் கொண்டு போனவள் யார்? தவமணியின் தாய் ரதியின் வீட்டு வாசலில் நின்று தலைமயிரை அவிழ்த்துப் போட்டு மண் அள்ளித் தூற்றினாள். "சோத்தைத் தந்து உளவு பாத்தயேடி!" என்று அவள் கத்தியது மூன்று வளவுக்குக் கேட்டது. ரதி வாசலில் நின்று, "நான் சொல்லல்ல மாமி, சத்தியமாச் சொல்லல்ல" என்றாள். மறுநாள் கயிறு வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். வரிசையில் மறுபடியும் இரண்டு பக்கமாக நின்றார்கள். ரதி ஒரு பக்கத்திலும் இல்லை. ஒரு கிழமையில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள்.

நீ சொல்லவில்லை. வேலை நிரந்தரமாகட்டும் என்றாய். ஆனது. மகள் சோதனை எழுதி முடியட்டும் என்றாய். முடிந்தது. மகளின் கலியாணம் என்றாய். சண்டை ஓயட்டும், இப்போது வாய் திறந்தால் என்னையும் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றாய். அந்த ஒரு பயத்தை மட்டும் நான் நியாயம் என்று ஏற்றுக்கொண்டேன். சண்டையும் ஓய்ந்தது. "இப்ப அதைக் கிளறி என்னகா வரப்போகுது? எல்லாரும் மறந்திட்டாங்க" என்றாய். அன்று உன் வீட்டுப் படியில் இருந்து எழும்பி வந்தவள் அதன் பிறகு உன் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. நீ படுக்கையில் விழுந்தபோது வந்தேன். அப்போதும் கேட்டேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

எல்லாரும் மறந்துவிட்டார்களா? ரதிக்கு வந்த இரண்டு சம்பந்தம் அந்தக் கதையால் குழம்பியது. முப்பத்தைந்து வயதில் தாரம் இழந்தவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். இப்போது ரோட்டோரத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறாள். படுவான்கரையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் ஒரு தீப்பெட்டிக்கும் அவள் கடைப்படி ஏற மாட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. அந்தக் கடைக்குப் போகக் கூடாது என்பது மட்டும் தெரியும். தவமணி திரும்பிப் பழுகாமத்துக்கே போய்விட்டாள். தாயும் அவளோடுதான் இருக்கிறாள். கிழவிக்கு எண்பது கடந்துவிட்டது. ரதிக்கு விட்ட சாபத்தை இன்னும் விளக்கு வைக்கும் நேரத்தில் சொல்கிறாள் என்று கேள்விப்படுகிறேன்.

என்னிடமும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. "நீங்க ஏன் மாமி சொல்லல்ல?" என்று ரதி ஒரு நாள் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவனவன் தன் கையைச் சொல்லு என்ற விதியை நான்தான் அந்தக் கொட்டிலுக்குள் கொண்டுவந்தேன். உன் கையை நான் சொல்லக் கூடாது, நீதான் சொல்ல வேண்டும் என்று முப்பது வருடம் வீம்பாக இருந்தேன். கடற்கரையில் வலை சாய்ந்ததற்கு அது சரி. வலை சாய்ந்த பழியை ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் கட்டி வைத்திருக்கும்போது அது சரியில்லை. சம்மாட்டி அதை எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாக விளங்கிக்கொள்ள இவ்வளவு காலம் ஆகிவிட்டது. விளங்கிக்கொண்டேன் என்பதற்காக உன்னை மன்னித்தேன் என்று நினைக்காதே.

அந்தக் கொப்பியால் நீ பெரிய ஆள் ஆனாய். அதே திட்டத்தில் பயிற்சியாளராகி, ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்கு வட்டம் நடத்தக் கற்றுக் கொடுத்தாய். மீள்நோக்கு வட்டம் என்று பெயரும் வைத்தாய். நிலத்தில் இருங்கள், பாடம் கேளாதீர்கள், பேசாமல் காத்திருங்கள் என்று நீ சொல்வதைக் கேட்ட ஒரு ரீச்சர் என்னிடம் வந்து மெச்சினாள். யாரிடம் படித்தாய் என்று நீ சொல்லவில்லை. அது போகட்டும், அது எனக்குப் பெரிய காரியமே இல்லை. "வட்டத்தில் பேசியது வட்டத்தை விட்டுப் போகக் கூடாது, அதுவே முதல் விதி" என்றும் நீ சொன்னாயாம். எந்த வாயால் சொன்னாய்? உன் தம்பி மலரில் எழுதியிருக்கிறார், பிள்ளைகளின் இரகசியங்களைத் தன் உயிரைப் போல் காத்தவர் என்று. அதற்கு எதிர்ப்பக்கம்தான் பதினெட்டாம் பக்கம்.

ஒன்று மட்டும் உனக்காகச் சொல்கிறேன். அந்தக் கொப்பியை நீ எரிக்கவில்லை. எரித்திருந்தால் என் சொல் மட்டும்தான் மிச்சம். எட்டாம் வகுப்புக்காரியின் சொல்லை யார் எடுப்பார்? என்றைக்காவது சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தாயோ, சிவப்பு மையில் போட்ட ‘மிக நன்று’க்காக வைத்திருந்தாயோ, எனக்குத் தெரியாது. கேட்க நீ இல்லை.

இனி நடக்க வேண்டியவை இவை. உன் மகள் மிச்சமாய் இருக்கும் புத்தகங்களைக் கொடுப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். கொடுத்த வீடுகளுக்கு அவளே போய், காரணம் சொல்லி, பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பி வாங்க வேண்டும். கொப்பியை என்னிடம் தர வேண்டாம், தவமணியின் கையில் கொடுக்க வேண்டும். அது அவளுடைய பேச்சு. உன் தம்பி அந்த ஒரு வரியைத் தவறு என்று தன் கையால் எழுதி, கோயில் தர்மகர்த்தா சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். அன்று அந்தக் கொட்டிலில் படித்து, இன்று நாற்பது கடந்து இந்த ஊரில் இருப்பவர்கள், நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகளை ரதியின் கடைக்குச் சாமான் வாங்க அனுப்ப வேண்டும். தவமணி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. உன்னையோ என்னையோ அவள் மன்னிக்க வேண்டியதும் இல்லை. ரதியும் எங்கும் போக வேண்டியதில்லை. நாங்கள்தான் அவளிடம் போக வேண்டும், முதலில் நான்.

பிறகு நான் களுவாஞ்சிகுடியில் பஸ் மாறி, பாலம் தாண்டிப் பழுகாமம் போக வேண்டும். கிழவிக்கு வலது காது கேட்காதாம். இடது பக்கமாய் உட்கார்ந்து, சத்தமாக, உன் பெயரைச் சொல்லி, அதற்கு அடுத்ததாக என் பெயரைச் சொல்லி, அவள் விளக்கு வைக்கும் நேரம் வரும் மட்டும் எழும்பாமல் அங்கேயே இருக்க வேண்டும்.